நகராத ஏழு மணி

"அக்கா, உங்க வரிசையில மட்டும் டாலர் இருக்கே?"

மதிவதனி மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் வரவேற்பு மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

செங்கம் சாலையில் இருக்கும் அந்த கெஸ்ட் ஹவுஸில் மாலை ஷிஃப்டுக்கு நாலு பேர். ஐந்தரையிலிருந்து எட்டரைக்குள் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிட்டு வரவேண்டும். யாருக்கு எந்த நேரம் என்று எக்ஸெல்லில் போடுவது குணமதியின் வேலை. கொஞ்ச நாளாக போனில் வீடியோ பார்த்து எக்ஸெல் கற்றுவரும் மதிவதனிக்கு, கற்றதைச் சோதித்துப் பார்க்க அந்தச் சாப்பாட்டு லிஸ்ட்தான் அகப்பட்டது.

"டாலர்னா என்னங்க?" என்றான் கூட வேலை செய்யும் புகழேந்தி.

"ஃபார்முலாவ அடுத்த நாள் கட்டத்துக்கு இழுத்தா, அது பாக்கற நேரமும் கூடவே ஒரு கட்டம் நகரும். இன்னிக்கு அஞ்சரைன்னா நாளைக்கு ஆறேகால். முன்னாடி டாலர் குறி போட்டுட்டா நகராது. எவ்ளோ தூரம் இழுத்தாலும் அதே நேரத்தத்தான் பாக்கும்."

"கிரிவலம் மாதிரி. நாம சுத்தறோம், மலை நின்ன எடத்துலயே நிக்குது," என்றாள் நாலாவது ஆளான வேதா.

"அதேதான். அக்காவுக்கு மட்டும் தினமும் அஞ்சரை நின்ன எடத்துலயே நிக்குது."

குணமதிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க ஜைனருங்க மதி. பொழுது சாய்ஞ்சா சாப்பிட மாட்டோம்."

"வழக்கம்லாம் வீட்டோட இருக்கட்டும்க்கா. வேலைன்னு வந்தா எல்லாருக்கும் ஒரே நியாயம்தானே?"

குணமதி தன் கட்டத்தைத் தொட்டு டாலரை அழித்தாள். மற்ற வரிசைகளையும் சேர்த்து மாத முடிவு வரை இழுத்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு விழுந்தது ஏழேமுக்கால். ஐந்தரை புகழேந்திக்குப் போனது.

"எனக்கு இப்பப் பசிக்கலைங்க. நான் மாத்திக்கறேன்," என்றான் அவன்.

"வேணாம்ப்பா. லிஸ்ட்ல இருக்கறபடியே போகட்டும்."

மதிவதனிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். மற்றவர்கள் கேட்கத் தயங்கியதை அவள் கேட்டுவிட்டாள்.

ஏழு மணிக்கு அவள் மொட்டை மாடிக்குப் போனாள். ஆனி மாதத்து வெளிச்சம் மலை உச்சியில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்க, எங்கோ மணி அடிக்கிற சத்தம் காற்றில் வந்து வந்து போனது. அந்த நேரத்தில் மலை மேலே நகர்வது போலவும், மேகம் நிற்பது போலவும் அவளுக்குத் தோன்றும்.

போனில் மகள் கவிநிலா வந்தாள். கீழ்பென்னாத்தூர் வீட்டில் பாய் விரித்தாகிவிட்டது. பாதிக் கண் மூடியிருந்தது.

"அம்மா, மலையக் காட்டு."

போனைத் திருப்பிப் பிடித்தாள்.

"நம்ம வீட்லேர்ந்து பாத்தா குட்டியா இருக்கும்மா. உங்கிட்ட மட்டும் ஏன் பெருசா இருக்கு?"

"உன்னப் பாக்கறதுக்காக எட்டிப் பாக்குது."

குழந்தை சிரித்தாள். சிரித்தபடியே தூங்கிப்போனாள். திரையில் அந்தச் சின்ன முகம் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே மதிவதனி தன் டிபன் பாக்ஸைக் காலி செய்தாள். உலகத்தில் வேறு எதுவுமே வேண்டாம் போல இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இப்படி இல்லை. ஏழேமுக்காலுக்குத்தான் விட்டார்கள். போன் போட்டபோது குழந்தை அம்மாவைக் கேட்டு அழுது, அழுதபடியே தூங்கியிருந்தாள். மதிவதனி முகம் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தாள். பாப்பா எத்தனை மணிக்குத் தூங்கும் என்று குணமதி கேட்டதற்கு, ஏழரை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது மலையைப் பார்த்து, ஏழு மணியை எனக்குக் கொடுத்துவிடு அண்ணாமலையாரே என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் ஏழு மணி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இரண்டு மாதமாக வந்துகொண்டே இருக்கிறது. கும்பிட்ட கைக்குப் பலன் இல்லாமல் போகுமா?

இன்றும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஏழேமுக்கால் ஆனது. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. குணமதி எழுந்திருக்கவில்லை. அவளுடைய டிபன் பாக்ஸ் மூடியபடியே மேசையின் ஓரத்தில் இருந்தது.

"சாப்பிடலையாக்கா?"

"காலைல சாப்பிட்டுக்கறேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மதிவதனிக்குத்தான் சுருக்கென்றது. சட்டம் பேசினோமே தவிர ஒருத்தியைப் பட்டினி போடவேண்டும் என்று நினைக்கவில்லையே. இனி தனக்கு ஐந்தரை வருகிற நாட்களையெல்லாம் அக்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வந்ததுமே மனசு லேசானது. நல்லவளாக இருப்பது அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது.

லிஸ்டைத் திறந்து தன் வரிசையைத் தேடினாள்.

நாளைக்கு ஏழு மணி. நாளை மறுநாள் ஏழு மணி. அடுத்த வாரமும் ஏழு மணி. மாத முடிவு வரை தள்ளிப் பார்த்தாள். மற்ற மூன்று பேருடைய நேரமும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்க, அவளுடைய ஏழு மணி மட்டும் அசையவில்லை.

கட்டத்தைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அக்கா, என் வரிசையிலயும் டாலர் இருக்கு."

குணமதி அறைச் சாவிகளை ஆணியில் மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"அத எடுத்துடாத மதி. பாப்பா தூங்கற நேரம் தினமும் நகருமா என்ன?"