முத்திரை மாமா

"சர்ட்டிபிகேட்டா? அது எதுக்கும்மா?" என்று சிரித்தார் அந்த இல்லத்தின் மேனேஜர். "இங்க தங்கறவங்க முகத்தைப் பாருங்க. அந்தச் சந்தோஷம்தான் எங்க சர்ட்டிபிகேட்!"

"ஆகா, பிரமாதமாச் சொன்னீங்க!" என்று தலையை ஆட்டினார் முத்திரை மாமா.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவா இப்படிப் பேசுவது?

அவள் கணவனுக்கு உடன்பிறந்த அண்ணன் அவர். ஒரே வீடுதான், உள்ளேயே மாடிப்படி; கீழே இவர்கள், மாடியில் அவர். கேஸ் அடுப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற அதிகாரி. தர முத்திரை இல்லாமல் ஒரு பல்பு கூட வீட்டுப் படியேற விடமாட்டார். ஆசையாக அவள் வாங்கி வந்த இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை எங்க? குடும்பத்தையே கொளுத்தப் பாக்கறியா?" என்று கடைக்கே திருப்பி அனுப்பினவர். முத்திரை மாமா என்பது வீட்டில் வைத்த பேர். அவர் காதில் விழாமல்தான்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தம்பியைத் தங்க வைக்கிற இடத்துக்கு மட்டும் முத்திரை வேண்டாமாம்!

கணவன் குடியை விட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வரப்போகிறான். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. குடியை விட்டவங்க சேர்ந்து தங்கற இல்லத்துல கொஞ்ச காலம் இருக்கட்டும். சர்ட்டிபிகேட் இருக்கற இடமாப் பாருங்க. இன்னொரு தடவை தொட்டா ஈரல் தாங்காதும்மா."

போன தடவை நேராக வீட்டுக்குத்தான் வந்தான். வாசலைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அவன் வெளியே காலெடுத்து வைக்கவில்லை. சட்டைப் பையில் சல்லிக்காசு கிடையாது. அப்படியும் கொஞ்ச நாளில் வாய் குழறியது, கால் தள்ளாடியது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை.

மாமாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது.

"வேற யாரு? நீதான் இரக்கப்பட்டு வாங்கிக் குடுத்திருப்ப!" என்று சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் எதிரில் போட்டு உடைத்தார். அன்றைக்குக் குனிந்த தலையை அவள் இன்னும் நிமிர்த்தவில்லை.

மேனேஜர் சுற்றிக் காட்டினார். ஆளே புதையும் மெத்தை, ஏசி, சுவரை அடைத்த டிவி.

"யார் பையையும் தொட்டுப் பாக்க மாட்டோம் சார். கௌரவமான மனுஷங்க. சோதனை போட்டா மனசு நோகாதா?"

அவர் வாயில் ஏலக்காய் மணத்தது. ஏலக்காய்க்குப் பின்னால் இன்னொன்றும் மணத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் மூக்குக்குப் பழகிய நெடி.

"மாமா, அவர் வாயில..." என்று இழுத்தாள்.

"ஏலக்காய் மென்னா குத்தமா? பேசாம வா."

பேசாமல்தான் வந்தாள். தெருவுக்கு வந்ததும் எப்படியோ தைரியம் வந்தது.

"டாக்டர் சொன்ன மாதிரி சர்ட்டிபிகேட் இருக்கற இடத்தையும் ஒரு எட்டு பாத்துடலாம், மாமா."

அந்த இடத்தில் வாசலிலேயே ஒரு வார்டன் அம்மா சின்னக் கருவியை நீட்டினார்.

"உள்ள வர்ற எல்லாரும் இதுல ஊதணும்."

"நானா? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது சார். அதனாலதான் ஊதச் சொல்றேன்."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினார். கருவி கம்மென்று இருந்தது. "பாத்தீங்கல்ல? சுத்தத் தங்கம்!" என்று மார்பைத் தட்டிக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பித்தார். கட்டில் கிறீச்சிடுகிறது, சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது, ஜன்னல் பூனை நுழையக்கூடப் பத்தாது.

"என் தம்பி என்ன திருடனா? இது இல்லமா, லாக்கப்பா? சுவத்துல மாட்டின சர்ட்டிபிகேட்டை வச்சு நாக்கு வழிக்கறதா?"

வார்டன் அம்மா கோபப்படவில்லை.

"அதை எங்களுக்குச் சும்மா தூக்கிக் குடுக்கல சார். அதைக் குடுக்கறவங்க சொல்லாம கொள்ளாம வந்து நிப்பாங்க. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாப்பாங்க. தப்புத் தண்டா இருந்தா அன்னிக்கே பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. அந்த பயத்துலதான் நாங்க ஒழுங்கா இருக்கோம்."

"நீங்க அடுப்புக்குச் செய்யற சோதனையைத்தானே மாமா அவங்க இந்த இல்லத்துக்குச் செய்யறாங்க?"

கேட்ட பிறகுதான், கேட்டவள் தான்தான் என்று அவளுக்கு உறைத்தது.

மாமா இருமினார். செருமினார்.

"சரி, தொலையட்டும். இங்கயே சேத்துக்குங்க."

அவள் நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று இறங்கியது.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் வார்டன் அம்மா. "இங்கிருந்து அவர் திரும்பிப் போற வீட்டையும் முன்னாடியே வந்து பாப்போம். அதுவும் விதிதான். அலமாரி, பரண் எல்லாம் திறந்து காட்டணும். ஒரு பாட்டில் கண்ணுல பட்டாலும் அனுப்ப மாட்டோம்."

"தாராளமா வாங்க" என்றாள் அவள். "எங்க வீட்ல அதெல்லாம் மருந்துக்குக்கூடக் கிடையாது."

மாமாவுக்கு வேர்த்து ஊற்றியது. நாற்காலியை வார்டன் அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்குக் கேட்காது என்ற நினைப்பில் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்... கீழ் வீட்டை மட்டும் பாத்தாப் போதாதா? மாடி என்னோடது. போன தடவை மாதிரி இல்ல, அந்த அலமாரியை நான் இப்பல்லாம் பூட்டித்தான் வைக்கறேன்!"