மகிழினிக்கு ஒரு கமெண்ட்

அவள் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

டிவியில் மகிழினியின் முகம் உறைந்து நின்றது. மேலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை, கண்ணீரை மட்டும் ஒரு தடவை காட்டிவிட்டு, தொடரும் என்று போட்டுவிட்டார்கள். என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று வக்கீல் ஆதவன் கேட்டது கேட்டபடியே நிற்கிறது.

சீரியல் முடிந்ததும் மாமியாருக்கு யூடியூபில் கமெண்ட் போட்டாக வேண்டும். சொல்வது மாமியார். தட்டுவது மருமகள்.

சோறெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃபோன் மகனுடையது. கமெண்டும் அவன் பெயரில்தான் போகும். நெல்லையப்பன். பக்கத்திலேயே அவன் மீசையை முறுக்கிச் சிரிக்கிற படம்.

அவன் போய் மூன்று வருடம் ஆகிறது. அது யூடியூபுக்குத் தெரியாது. ‘நெல்லையப்பன் அண்ணா, செம’ என்று யார் யாரோ ஹார்ட்டின் விடுகிறார்கள். மலேசியாவிலிருந்து ஒரு அக்கா தினமும் வணக்கம் வைக்கிறாள். படித்துக் காட்டினால் மாமியாருக்கு முகமெல்லாம் பல்.

மகிழினியும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான். முதல் கணவனாக நடித்தவனுக்கு சினிமாவில் வாய்ப்பு வந்தது. உடனே அவன்மேல் லாரி ஏறிவிட்டது.

அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு கட்சி, ‘ஆதிமகி’ என்று இரண்டு பெயரையும் சேர்த்து, பின்னால் பாட்டுப் போட்டு, வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு கட்சிக்கு மகிழினி எது செய்தாலும் ஆகாது. பூ வைத்தால் குற்றம். சிரித்தால் குற்றம். வக்கீல் வாங்கிக்கொடுத்த ஐஸ்கிரீமை மிச்சம் வைக்காமல் தின்றது மன்னிக்கவே முடியாத குற்றம்.

மாமியார் எந்தக் கட்சி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

தினமும் திட்டுதான். அழுத்தக்காரி என்பாள். கள்ளி என்பாள். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் குருடு என்று நினைத்துவிட்டாளா என்பாள். எழுத்துப் பிசகாமல் அவளும் தட்டுவாள்.

ஒவ்வொரு வசவும் தன் தலையிலேயே விழுவதாக இருந்தது அவளுக்கு.

ஏனென்றால் இசக்கிராஜும் கேட்டுவிட்டான். பாளையங்கோட்டைக் கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்ப்பவன். வக்கீல் மாதிரி வசனமெல்லாம் பேசவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல், ஒரே மூச்சில் கேட்டான். துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தான்.

அவளுக்கு அவனைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லத்தான்.

நெல்லையப்பன் போன பிறகு, மாமியாரும் அவளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றார்கள். ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். இந்த மனுஷி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளால் தாங்க முடியாது.

“ஏளா மகிழினி,” என்று ஆரம்பித்தாள் மாமியார்.

தட்டினாள்.

“உனக்குக் கூறு இருக்கா?”

தட்டினாள்.

“அந்தப் பய வாயத் தொறந்து கேக்கான். சரின்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு என்ன கேடு?”

விரல் நின்றது.

“என்னட்டி முழிக்க? எழுது.”

எழுதினாள்.

ஆதிமகி கட்சி!

இத்தனை நாளும் இந்த மனுஷி ஆதிமகி கட்சி. திட்டியதெல்லாம் மகிழினி ஆசைப்பட்டதற்கு இல்லை, அதை மூடி மூடி வைத்ததற்கு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பி வந்து அவள் மூக்கை அடைத்தன.

மாமியார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு விளம்பரத்தில் அப்படி என்ன இருக்கிறதோ.

“போனவன் நல்லவந்தான். அவன மாதிரி இன்னொருத்தன் பொறந்து வர முடியாது.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அதுக்காவ நீ காலம் பூரா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

நெல்லையப்பனின் படத்துக்குப் பக்கத்தில் அந்த வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. கண் கலங்கியதில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. விடாமல் தட்டினாள்.

“இன்னொன்னும் போடு. அவன் உன்னயத் தெருமுக்குலயே ஸ்கூட்டர்ல எறக்கி விட்டுட்டு ஓடுதாம்லா, அது எனக்குப் புடிக்கல. வாசல் வரைக்கும் வரச் சொல்லு. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகட்டும்.”

ஸ்கூட்டர் என்று தட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

சீரியலில் ஸ்கூட்டரே கிடையாது. வக்கீலுக்குக் கறுப்புக் கார்.

தெருமுக்கில் இறக்கி விட்டுவிட்டுப் போகிறவன் இசக்கிராஜ்.

காது இரண்டும் சுட்டன. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. வாய் மட்டும் அவளைக் கேட்காமலே சிரித்துக்கொண்டிருந்தது.

“அத்த... இத இப்படியே போட்டிரவா?”

மாமியார் ரிமோட்டை எடுத்து விளம்பரத்தின் சத்தத்தைக் கூட்டினாள்.

“ஊரே பாக்கதுல எதுக்குப் போடுத? உன் ஃபோன எடு. அவனுக்கு அனுப்பு.”