ஆய்வு முடிந்த மறுநாள்

மதிய இடைவேளையில் பள்ளி நூலகரிடம் பேச யாரும் வருவதில்லை. ஒரு மாதமாகத்தான் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தினமும் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீங்களா மிஸ்?" என்று கேட்டு, சற்று நேரம் பேசிக்கொண்டிருப்பாள். அந்தக் கேள்விக்காகவே நூலகர் சாப்பாட்டைத் தள்ளிப்போட ஆரம்பித்திருந்தார்.

அன்று காலை உளவியல் ஆசிரியர் சிரித்தபடி சொன்னார்: "நம்ம பிள்ளைங்க குழு குழுவா ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. தனியா இருக்கிறவங்ககிட்ட தினமும் பேசினா அவங்க முகம் மாறுதான்னு பாக்கணும். நேத்தோட முடிஞ்சுது."

நூலகருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மதியம் அந்த மாணவி வழக்கம்போல வந்து நின்றாள்.

"ஆராய்ச்சிதான் முடிஞ்சுபோச்சே. இனிமே எதுக்கும்மா இந்த அக்கறை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் அதுல இல்ல மிஸ். என்னை எந்தக் குழுவுலயும் சேத்துக்கல."