தேன்மதியின் கைப்பட்டை

வீட்டில் குழந்தையின் காதில் விழும் சொற்களை எண்ணுவதற்காக, அங்கன்வாடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கையில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். நாளொன்றுக்குப் பத்தாயிரம் சொல் வேண்டும். நான்கு வயது தேன்மதியின் பட்டை மாதம் முழுக்கச் சுழியத்திலேயே நின்றது. வீட்டில் அவளும் அம்மா மரகதமும்தான். மரகதத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது.

வசந்தி டீச்சர் வீட்டுக்கே வந்தார். மரகதத்தின் முகத்தைப் பார்க்காமல் தேன்மதியின் பக்கம் குனிந்தார்.

"அம்மாகிட்ட சொல்லு கண்ணு. இந்த வீட்ல பேச்சே இல்லயாம். திங்கக்கிழமையிலேர்ந்து நீ விடுதியில தங்கிப் படிக்கணுமாம்."

தேன்மதி ஒன்று விடாமல் கைகளால் சொன்னாள். விடுதிக்கு மட்டும் சற்று யோசித்து, விரல்களைக் கூரையாகக் குவித்து, உள்ளே நிறைய பேரைப் படுக்க வைத்துக் காட்டினாள். மரகதத்தின் கைகள் படபடவென்று பதில் சொல்ல, குழந்தை மறுத்தாள், கெஞ்சினாள், மறுபடி கேட்டாள். டீச்சர் பட்டையைப் பார்த்தார். தான் பேசிய பன்னிரண்டு சொற்கள் மட்டும் அதில் ஏறியிருந்தன.

"என்ன சொல்றாங்க?"

"அங்க என்கூட யாரு பேசுவாங்கன்னு அம்மா கேக்குறாங்க, டீச்சர்."