உரிமையாளர் கண் சிமிட்டவும்

எங்கள் நைட்டி வியாபாரத்துக்கு, வாடிக்கையாளர்களிடம் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கம்பெனி ஒன்றில் விண்ணப்பித்தபோது, உரிமையாளர் என்ற இடத்தில் அக்கா தமயந்தியின் பெயரைப் போட்டது நான்தான். என் காசோலைகள் திரும்பி வந்த கதை ஊரிலுள்ள வங்கிகளுக்கெல்லாம் தெரியும். “உன் மூஞ்சிய நம்பி எவன்டா குடுப்பான்? என் மூஞ்சியப் போட்டுக்க” என்று அவளும் சிரித்தாள். இப்போது மூளையில் ரத்தம் கசிந்து ஐந்து நாளாக ஐசியூவில் கிடக்கிறாள். தீபாவளிக்கு விற்ற பணத்தை அந்தக் கம்பெனி நிறுத்திவைத்திருக்கிறது. உரிமையாளர் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் விடுவிப்பார்களாம், விதி. ஆஸ்பத்திரியோ நாளைக்குள் கட்டச் சொல்கிறது.

போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ‘கண் சிமிட்டவும்’ என்றது. இரண்டு விரலால் இமைகளைத் தூக்கிவிட்டேன். ‘முகத்துக்குக் குறுக்கே ஏதோ இருக்கிறது’ என்றது. அவள் வாழ்க்கைக்குக் குறுக்கே நாற்பது வருடமாக நிற்கும் அதே ஆள்தான். விரலை மாற்றி மாற்றி ஏழு முறை முயன்றேன்.

நர்ஸ் ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள். டாக்டர்கள் தினமும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போகும் கேள்வியை அவளிடம் கேட்டேன்.

“அக்கா எப்ப சிஸ்டர் கண்ணத் தொறப்பா?”

அவள் என் விரல்களை மெதுவாக இமையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“தொறக்க மாட்டாங்கண்ணே.”