பாரீஸ் கைப்பை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரே சீமைச் சாமான் விற்கும் கண்ணையனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மூக்கிலேயே குத்தினான் தாண்டவராயன்.

"பாரீஸ் பைன்னு போலியையா என் தலையில கட்டினே?"

கண்ணையன் வாயைத் திறக்குமுன் அடுத்த குத்து விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

பையோடு நின்ற காந்திமதிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நேற்று விழுப்புரத்துக் கல்யாணத்தில் அதன் சாயம் அவள் பட்டுப்புடவையில் இறங்கி, நாத்தனார்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நியாயம் கேட்க அவள்தான் புருஷனை இழுத்து வந்தாள். வரவே மாட்டேன் என்றவனுக்கு, அவளுக்கு ஓர் அவமானம் என்றதும் எவ்வளவு ரோஷம்!

"விடுங்க, செத்துடப் போறான்!" என்று குறுக்கே பாய்ந்தாள்.

மண்ணில் கிடந்த கண்ணையன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்கம்மா! பொண்டாட்டிக்குப் போலி, சின்ன வூட்டம்மாவுக்கு அசல்னு அய்யா சொன்னபடிதான் ரெண்டு பை கட்டிக் குடுத்தேன். எப்படியோ உங்களுக்கு மாறி வந்துடுச்சி!"

காந்திமதி கையிலிருந்த பையைக் கீழே போட்டாள்.

"மாறலப்பா. சரியான ஆளுக்குத்தான் வந்திருக்கு. நீ எழுந்திரு" என்றவள், செருப்பைக் கழற்றிக்கொண்டு தாண்டவராயன் பக்கம் திரும்பினாள்.