ஒரு டன்னுக்கு எத்தனை பேர்?

ஏசி மாட்டி ஒன்பது நாள், நான்கு மணி நேரம். அதற்குள் வெயிலுகந்தம்மாளிடமிருந்து ஆறாவது புகார்.

“காத்து வருது, குளிரு வரல. உங்க கடைப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியலயா அண்ணாச்சி?”

போனை வைத்த ஏசிக் கடைக்காரர் முத்துகிருஷ்ணன் நிமிர்ந்தார். “ஏட்டி ஜெயப்பிரியா, ரெண்டு நாள்ல காரணத்தைக் கண்டுபிடி. இல்லன்னா கடைப் பக்கம் வராத.”

எந்த வீட்டுக்கு எத்தனை டன் என்று கணக்கிடுவதுதான் அவள் வேலை. பி.எஸ்சி. இயற்பியல். வாய் திறந்து பேசுவதைத் தவிர எல்லாம் வரும். வெயிலுகந்தம்மாள் வீட்டில் பத்துக்குப் பத்து அறை, மேலே இன்னொரு மாடி, வடக்கே ஒரே ஜன்னல், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். ஒரு டன் தாராளம்.

நேரத்தோடு சூட்டைப் பதியும் வெப்பமானி ஒன்றை அந்த அறையில் வைத்து, மறுநாள் எடுத்து வந்தாள். காலையில் இருபத்து நான்கு டிகிரி. பகல் ஒன்று முதல் நான்கு வரை முப்பது!

மதியம் வீட்டுக்குப் போனாள். அம்மா இல்லை. இப்போதெல்லாம் தினமும் மகளிர் குழுக் கூட்டம். அனலை அள்ளி வீசிய மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். சும்மா இருக்கும் ஒரு ஆள், நூறு வாட். கூட்டிக் கழித்தால், உள்ளே பதினோரு பேர்.

ஓடிப்போய் வெயிலுகந்தம்மாள் வீட்டுப் பின்சந்தில் ஒளிந்துகொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாசலில் நுழைந்தார்கள். ஆளுக்கொரு துணிமூட்டை. ஏழு பேரை எண்ணினாள். மீதி நான்கு பேர் முன்பே போயிருப்பார்கள். கதவு சாத்தப்பட்டது. பேச்சுச் சத்தமே இல்லை.

தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் கோவில்பட்டியில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? லைசென்ஸ் இல்லாத பட்டாசு! இந்த வெயிலில் மருந்து வெடித்துவிடும். அதற்குத்தான் ஏசி!

மூன்று முறை போலீசுக்கு போன் போட்டு, மூன்று முறையும் துண்டித்து, நான்காவது முறை பேசினாள். எஸ்.ஐ. ஆறுமுகத்தாய் தீயணைப்பு வண்டியோடு வந்துவிட்டார்.

வெயிலுகந்தம்மாள் கதவைத் திறந்து வழிவிட்டாள். “கோவப்படாதீங்க தாயி. வெக்கை தாங்காம தெருவே இங்கன வந்து கண்ணசருது. நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?”

தரையெங்கும் தலையணைகள். எஸ்.ஐ. எண்ணிவிட்டு, பின்னாலேயே வந்த ஜெயப்பிரியாவிடம் திரும்பினார். “பதினொன்னுன்னு சொன்னியேம்மா, பன்னெண்டு இருக்கே?”

மூலைத் தலையணையிலிருந்து பன்னிரண்டாவது தலை நிமிர்ந்தது. ஜெயப்பிரியாவின் அம்மா.

“நம்ம வீட்டுக்கு எத்தன டன்னுன்னு நீ ரெண்டு வருசமா கணக்குப் போடுத. அது முடியுத வரைக்கும் நான் எங்கனட்டி படுக்க?”